பாலிஷ் மிஷினுக்குப் பொட்டு வைத்த வாரம்

வேலை போன பத்தொன்பதாவது நாள், மௌரி அவென்யூ மளிகைக் கடையிலிருந்து இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தால், பார்க்கிங்கில் ஒருவர் என் காரின் கதவை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, இது உங்க வண்டிங்களா? யாருங்க பாலிஷ் பண்ணுனது?"

"நான்தான். ஏன், ஸ்கிராட்ச் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்களே. அதுதானுங்க கேக்கறேன். கருப்பு வண்டி, பத்து வருச மாடல், வெயில்ல நிக்குது. ஒரு கீறல்கூடக் கண்ணுல படலீங்களே!"

பேச்சைக் கேட்டதும் கோயம்புத்தூர் என்று தெரிந்தது. கருப்புக் காரைப் பற்றி அவர் சொன்னதும் சரி. வெள்ளைக் கார் எல்லாப் பாவத்தையும் மறைத்துக்கொள்ளும். கருப்புக் காரைத் தப்பான துணியால் ஒரு முறை துடைத்தால் போதும், வெயிலில் சிலந்தி வலை மாதிரி சுழிக் கீறல்கள் தெரியும். வேலை போனவர்களில் சிலர் குடிக்கிறார்கள், சிலர் ஜிம்முக்குப் போகிறார்கள். நான் காரைத் தேய்த்தேன். காலையில் நான்கு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, அவர்கள் மௌனமாக நிராகரிக்கும் நேரத்தில் கராஜில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். என் கார் பானட்டில் அப்போது முகம் பார்த்துச் சவரம் செய்திருக்கலாம். சவரம் செய்துகொண்டு போவதற்குத்தான் இடமில்லை.

அதுவரை ஒரு சர்வர் கம்பெனியில், முதலில் இந்தியாவிலும் பிறகு இங்கேயுமாக, பதினேழு வருடம் ரிலையபிலிட்டி டெஸ்டிங் பார்த்தேன். கம்பெனி செய்யும் பெட்டிகளைச் சூடாக்கி, குலுக்கி, கீழே போட்டு, எது எப்போது சாகும் என்று எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம். என் சாவைப் பற்றி எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினைந்து நிமிட வீடியோ மீட்டிங்கில் அது முடிந்தது. அதில் முதல் நான்கு நிமிடம் என் மைக் மியூட்டில் இருந்தது.

அன்றிலிருந்து அறுபது நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி என் பெயரில் விசாவுக்குப் பெட்டிஷன் போட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. மனைவி ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் வேலை செய்யும் அனுமதி என் விசாவின் வாலில் தொங்குவது. மகளை இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்தோம். வேலை போனபோது பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கு ஊர் என்றால் கலிபோர்னியாவின் இந்த ஃப்ரீமான்ட். திருச்சி என்பது வீடியோ காலில் தாத்தா இருமும் இடம்.

கோயம்புத்தூர்க்காரர் அரிசி மூட்டையை வாங்கி என் டிக்கியில் வைத்துவிட்டு, தான் யார் என்று சொன்னார். கார் பாலிஷ் மிஷின் செய்கிற சிறிய கம்பெனி ஒன்று நடத்துகிறார். மோட்டார் ஊரில் அவர் தம்பி பட்டறையில் சுற்றுகிறது. மற்றதெல்லாம் வேறு வேறு தேசங்களிலிருந்து வந்து சேர்கிறது. என்னைவிட ஆறு வயது இளையவர் என்பதால் என்னை அண்ணா என்றார். வேலை கொடுக்கக்கூடியவர் என்பதால் நான் அவரை சார் என்றேன். கொஞ்ச நேரத்துக்கு இரண்டு பேரும் மரியாதையில் ஒருவரையொருவர் முந்தப் பார்த்தோம்.

"டெஸ்ட் பண்ண ஆள் தேடிட்டு இருக்கறனுங்ணா. புது டைப்பு மிஷின். ரெண்டு பீஸ் குடுக்கறேன். பத்து நாள் ஓட்டிப் பாருங்க. ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. ரிப்போர்ட் கைக்கு வந்தா டீலருங்க ஆர்டர் போடுவாங்க. ஆர்டர் வந்தா நமக்கு ஒரு டெஸ்ட் இன்ஜினியர் வேணும். வேணுமுன்னா பெட்டிஷன் போட்டுத்தானுங்களே ஆகணும்?"

சம்பளம் பேசவில்லை. பேசவும் முடியாது. விசா இல்லாமல் ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். நட்புக்காகத்தான் செய்கிறேன் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். அறிமுகமாகிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

இரண்டு மிஷின்களும் இருபத்து நான்காம் நாள் வந்து சேர்ந்தன. மேலே இருந்த பெட்டியை மனைவி திறக்காமல், அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டாள்.

"இதுதான் நம்ம விசாவா?"

"பாலிஷ் மிஷின்."

"அதைத்தான் கேக்கறேன்."

இந்த மிஷினில் என்ன புதுமை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார் பாலிஷ் மிஷின்கள் பொதுவாக இரண்டு ஜாதி. ஒன்று நேராகச் சுழல்வது. கீறலை வேகமாக எடுக்கும், கை கொஞ்சம் அசந்தால் பெயின்ட்டையும் சேர்த்து எடுத்துவிடும். இன்னொன்று சுழன்றுகொண்டே ஆடுவது. பெயின்ட்டுக்கு ஆபத்தில்லை, ஆனால் வளைவான இடத்தில் அழுத்தினால் சுழற்சி நின்று வெறுமனே நடுங்கும். அரசாங்க அலுவலகம் மாதிரி சத்தம் வரும், வேலை நடக்காது. கோயம்புத்தூர்க்காரரின் மிஷின் மூன்றாவது ஜாதி. சாதாரணமாக ஆடிக்கொண்டிருக்கும். அழுத்தம் கூடிச் சுழற்சி நிற்கப் போகிறது என்று உள்ளே இருக்கும் சென்சார் கண்டுகொண்டால், தானே கியரைப் போட்டு வலுக்கட்டாயமாகச் சுழற்றும். அழுத்தம் குறைந்தால் மறுபடி ஆட்டம். யோசிக்கும் மிஷின் என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். யோசிப்பவர்களின் கதி எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் கவலையோடுதான் ஆரம்பித்தேன்.

பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு கருப்பு பானட்டுகளை வாங்கி வந்து கராஜில் மர முக்காலிகள் மேல் கிடத்தினேன். டேப் ஒட்டிக் கட்டங்கள் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் பெயின்ட்டின் கனத்தை மைக்ரானில் அளந்து எழுதினேன். ஒரே காம்பவுண்ட் பசை, மிஷின் முனையில் ஒட்டித் தேய்க்கும் நுரைப் பேட் ஒரே மாதிரி, பத்து நிமிட ஓட்டம், ஓய்வு, அளவு. பதினேழு வருடம் சம்பளத்துக்குச் செய்ததை இப்போது இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தேன். மிஷினும் நன்றாக இருந்தது. மற்ற மிஷின்கள் நடுங்கிக்கொண்டு நிற்கும் வளைவில் இது ஒரு சின்ன முனகலோடு கியர் மாற்றி, கீறலை எடுத்துவிட்டு, மறுபடி ஆட்டத்துக்குத் திரும்பியது. ஆறு நாளில் அறிக்கையின் முக்கால் பாகம் தயார். படித்தால் கல்யாணத் தரகர் எழுதியது மாதிரி இருந்தது.

முப்பத்தோராம் நாள் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் வருடா வருடம் என் ஆபீஸ் லேப்டாப்புக்குத்தான் பொட்டு. போன வருடம் பொட்டு வாங்கிய லேப்டாப்பைக் கம்பெனி அனுப்பிய அட்டைப் பெட்டியில் வைத்து, பொட்டோடு திருப்பி அனுப்பியாகிவிட்டது. இந்த வருடம் ஆயுதம் என்று சொல்லிக்கொள்ள வீட்டில் மகளின் கால்குலேட்டரும், மிக்ஸியும், பாலிஷ் மிஷினும்தான். இரண்டாவது மிஷின் பெட்டி பிரிக்காமல் கராஜில் இருந்தது. பிரித்த மிஷின் சரஸ்வதி படத்துக்கு முன்னால், பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில், பேடோடு உட்கார்ந்தது.

"பொட்டு பாடியில மட்டும் வை. பேட்ல வேண்டாம்" என்றேன்.

"எது வேலை செய்யுதோ அதுக்குத்தாங்க வைக்கணும். பாடியா வேலை செய்யுது?"

தர்க்கத்தில் அவளை நான் ஜெயித்ததில்லை. பாடியில் ஒன்று, காற்றுத் துளைகளுக்கு மேல் ஒன்று, பேடின் நடுவில் கட்டை விரலகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம். கற்பூரம் காட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. மிக்ஸிக்காக இருந்திருக்காது.

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி அன்று, வைத்த ஆயுதத்தை அப்படியே எடுத்து வேலையைத் தொடங்க வேண்டும். பேடில் ஒரு மணல் துகள் இருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். மகளுக்கு அட்சரம் சொல்லிக் கொடுப்பது மாதிரி அதை நான் கார் தேய்ப்பதைப் பற்றிக் கேட்ட எத்தனையோ நண்பர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புது பேடை எடுக்கக் கை போனபோது மனைவி கராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அதையே ஒரு தடவை ஓட்டிட்டு அப்புறம் மாத்துங்களேன். பூஜையில வெச்சது."

பிரஷ்ஷால் தட்டினேன். காற்றடித்தேன். குங்குமம் போய்விட்டது என்று முடிவு செய்தேன். ஒரு டெஸ்ட் இன்ஜினியர் எதையும் முடிவு செய்யக் கூடாது, அளக்க வேண்டும். அன்று அளக்கவில்லை.

சோதனையின் கடைசிக் கட்டத்தை என் காரிலேயே வைத்துக்கொண்டேன். ஊர் திரும்புவதாக இருந்தால் காரை விற்க வேண்டும். தங்குவதாக இருந்தால் மிஷின் தேற வேண்டும். இரண்டுக்கும் பளபளப்பு தேவை. பத்து நிமிடம் ஓட்டி ஓய்வு கொடுக்கும் பழக்கத்தையும் அன்று விட்டேன். வயிற்றுப்பாட்டுக்காகக் காரைத் தேய்க்கும் எவனும் பத்து நிமிடத்தில் நிறுத்த மாட்டான்.

இருபது நிமிடம் வெண்ணெய் மாதிரி போயிற்று. பிறகு பானட்டின் நடுவில் ஓடும் மடிப்புக் கோட்டின் மேல் பேடின் ஓரம் பட்டது. அழுத்தவே இல்லை. மிஷின் திடீரென்று முனகிக் கியர் மாற்றியது. கையை எடுப்பதற்குள் ஆகிவிட்டது. கருப்புக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்கு டிகாஷனில் பால் சிந்தியது போல வெளிறிய கோடு. அதன் நடுவில் அடிப் பூச்சின் சாம்பல் நிறம். மேல் பூச்சு போய்விட்டது. அது எந்தப் பாலிஷாலும் திரும்பி வராது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் பையைக்கூட இறக்காமல் பார்த்தாள்.

"அப்பா, வாட் ஹேப்பன்ட் டு தி கார்?"

"டெஸ்டிங்மா."

"ஸோ, டிட் இட் பாஸ்?"

பின்னாலேயே வந்த மனைவி காரைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தாள். பேடின் நுரையில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கறை பரவியிருந்தது.

"குங்குமமா அது?"

அவள் அப்படியே கராஜ் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் போனில் சொன்னதும், அன்று மாலையே கோயம்புத்தூர்க்காரர் வந்தார். முதலில் கோட்டைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. பிறகு பேடைத் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சீக்கிரம் ஒரு மனிதனின் முகத்தில் ரத்தம் திரும்பி நான் பார்த்ததில்லை.

"ஏனுங்ணா, இதென்னங்க செவப்பா?"

"ஆயுத பூஜை."

"அட! பொட்டு வெச்சீங்களா?" சிரித்தே விட்டார். "எங்க பட்டறையிலயும் வெப்பமுங்க. ஆனா சக்கரத்துல வெக்கமாட்டமுங்ணா. காரணம் புடிச்சாச்சு. விடுங்க. புது பேடு போட்டு ஓட்டி, முடிச்சு எழுதிருங்க."

போகும்போது மனைவியிடம், "பரவால்லீங்க அக்கா, பக்தியில பண்ணுனது" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

மறுநாள் மனைவி டேகேருக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, இரண்டாவது மிஷினின் பெட்டியைப் பிரித்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். உறை பிரிக்காத பேட். கராஜ் கதவைத் திறந்து வைத்துத் தரையை ஈரத் துணியால் துடைத்தேன். அறுவை சிகிச்சைக்குத் தயாராவது மாதிரிதான். இரும்புக் கடை பானட் ஒன்றின் மடிப்பில், மிஷின் குளிர்ந்திருக்கும்போது ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. தட்டையான இடத்தில் இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு அதே மடிப்புக்கு வந்தேன். முனகல். கியர். வெளிறிய கோடு.

ஆற விட்டு மறுபடி செய்தேன். அதேதான். மூன்றாம் முறையும் அதேதான்.

காரணம் சிக்கலானதில்லை. மோட்டார் சூடானதும் சென்சாரின் கணக்குப் பிசகுகிறது. பேடின் ஓரம் லேசாகப் பட்டாலே யாரோ பலமாக அழுத்துவதாக நினைத்துக்கொண்டு முழு வலுவோடு சுழற்றுகிறது. ஓரம் மட்டும் படுவது மடிப்புகளில். காரில் பெயின்ட் மிக மெல்லியதாக இருப்பதும் அந்த மடிப்புகளில்தான். குங்குமத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேடில் பொடி இருந்தால் கீறல் விழும். இப்படி எரியாது. எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த நாள், மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அவருடைய கிடங்குக்குப் போனேன். காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை, அதன்மேல் ஃபிளாஸ்க், அவர். தாளை இரண்டு முறை படித்தார். படிக்கத் தெரிந்தவர். அதனால்தான் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டாவது மிஷினையும் அதே ரூம்லதானுங்களே வெச்சிருந்தீங்க? பொடி கிடி பறந்து உள்ள போயிருக்குமுங்க."

"அதுவரைக்கும் பெட்டியே பிரிக்கலை சார். பேட் உறைக்குள்ள இருந்தது. மூணு தடவையும் சூடான அப்புறம்தான் ஆகுது."

"ம்."

"பதினைஞ்சு நிமிஷத்துல தானா நிக்கிற மாதிரி பண்ணிடலாம். போர்டுல ஒரு சின்ன மாத்தம்தான்."

"போர்டை அரக்குல முக்கி சீல் பண்ணியாச்சுங்ணா. மொத லாட்டு கப்பல் ஏறிருச்சு. நடுக்கடல்ல இருக்குது. போயி நிறுத்தச் சொல்றீங்களா?"

ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். அவரை வில்லனாக எழுத எனக்கு ஆசைதான். வசதியாக இருக்கும். ஆனால் நான்கு நாளாகச் சவரம் செய்யாத முகம் அது. கண்ணாடியில் நான் தினமும் பார்ப்பது.

"இங்க என்னை நம்பி நாலு பேரு விசாவுல இருக்கறாங்க. ஊருல தம்பி பட்டறையை வெச்சுத்தான் இதை ஆரம்பிச்சோம். உங்களைப் பொய் எழுதச் சொல்லலீங்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பேடுல குங்குமம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்தது."

"அதை எழுதுங்க, போதும். ரெண்டாவது மிஷினை ஓட்டச் சொல்லி நான் கேக்கவே இல்லீங்களே."

"அடுத்த லாட்?"

"அடுத்த லாட்டுல மாத்திருவமுங்ணா. நீங்கதான் இங்க இருப்பீங்களே, நீங்களே நின்னு மாத்துங்க." கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்கு எத்தனாவது நாளுங்க உங்களுக்கு?" என்றார்.

"முப்பத்து நாலு."

"லேபர் டிபார்ட்மென்ட் பேப்பருக்கே ஒரு வாரத்துக்கு மேல ஆகுமுங்க. வக்கீலுக்கு ஒரு வாரம்." ஃபிளாஸ்க்கை மூடினார்.

காபி நன்றாக இருந்தது. முழுவதும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அறிக்கையைத் தொடவில்லை. என் புத்தக அலமாரியில் சத்தியத்துக்காக நாட்டையும் பெண்டாட்டியையும் விட்ட ராஜாக்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் பதினொன்றாம் வகுப்பில் பெண் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேர்மையாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஒரு மாலை மகளிடம், திருச்சிப் பள்ளி ஒன்றின் படத்தைப் போனில் காட்டி, சும்மா கேட்பது போல, எப்படி இருக்கிறது என்றேன். அவள் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஆர் வீ லீவிங்?"

"இல்லம்மா, சும்மா."

"அப்பா, ப்ளீஸ் ஜஸ்ட் டெல் மீ. ஐ கேன் ஹேண்டில் இட்." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். அதை அவள் எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

முப்பத்து ஏழாம் நாள் எழுதினேன். 'சோதனையில் ஒரே ஒரு முறை மேல் பூச்சு சேதமடைந்தது. அப்போது பேடின் மேல் அந்நியப் பொருள், வீட்டுச் சடங்கில் பயன்படும் சிவப்புப் பொடி, காணப்பட்டது. சுத்தமான பேடைப் பயன்படுத்தினால் மிஷின் பாதுகாப்பானது.' முதல் இரண்டு வாக்கியங்களிலும் என் காரைப் பற்றிய வரையில் பொய் கிடையாது. மூன்றாவது வாக்கியத்தை எழுத மட்டும் ஒரு முழு மதியம் பிடித்தது. பதினேழு வருடத்தில் நான் எழுதிய அறிக்கைகளிலேயே மொழிநடை நன்றாக அமைந்தது இதுதான். கோயம்புத்தூர்க்காரர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அனுப்பிவிட்டு அடுக்களைக்குப் போனேன். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. நான் வெச்ச குங்குமத்தாலதானே ஆச்சு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் என்ன எழுதினீர்கள் என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் கிழித்துப் போடுங்கள் என்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான். சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மறுநாளே கிளம்பத் தயாராக இருப்பாள்.

"ஆமா" என்றேன்.

அவள் கத்தி நின்றது. "நம்ம வீட்டுக்கு நானே கொள்ளி வெக்கப் பாத்திருக்கேன்" என்றாள். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தது.

ஐம்பத்து மூன்றாம் நாள் பெட்டிஷன் போனது. ஒப்புதல் வந்த வாரம் மனைவி கோயிலில் நூற்றெட்டு சுற்றுச் சுற்றினாள். தன் பிழைக்குப் பரிகாரமாம். நான் செருப்புக்குக் காவலாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதுக்கு மேல் அவள் கால் இழுக்க ஆரம்பித்தது. எழுந்து போய் நிறுத்தச் சொல்லவில்லை. நூற்றெட்டு முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் அதற்கு நன்றி வேறு சொன்னாள்.

இப்போது இரண்டு வருடம் ஆகப் போகிறது. மகள் கல்லூரியில் இருக்கிறாள். அடுத்த லாட்டிலும் அதே போர்டுதான் வந்தது. ஏற்கெனவே வாங்கி வைத்தது தீரவில்லை. அதற்கடுத்த லாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆயுத பூஜை வந்தால் மனைவி கருவிகளைப் பூஜை அறைக்கு வெளியே வரிசையாக வைத்து, ஒரு முழம் தள்ளி நின்று பூ மட்டும் போடுகிறாள். போன வருடம் மிக்ஸிக்குக்கூடப் பொட்டில்லை.

வேலை என்னவென்று கேட்டால் டெஸ்ட் இன்ஜினியர் என்று சொல்கிறேன். ஆனால் நாளில் பாதி புகார்களுக்குப் பதில் எழுதுவதில் போகிறது. அதற்கென்று நானே ஒரு கேள்விப் படிவம் தயாரித்திருக்கிறேன். மூன்றாவது கேள்வி: 'பேடில் தூசி, மணல், வேறு அந்நியப் பொருள் ஏதேனும் இருந்ததா?' இல்லை என்று எந்த மனிதனும் அடித்துச் சொல்ல முடியாத கேள்வி. தூசி இல்லாத உலகம் இன்னும் உண்டாகவில்லை. கேட்ட மாத்திரத்தில் பெரும்பாலானவர்கள் அடங்கிவிடுகிறார்கள்.

போன மாதம் டெக்சாஸில் கேட்டி என்ற ஊரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். படிவத்தை நிரப்பத் தெரியவில்லை, பேசலாமா என்றார். ஸ்பானிஷ் வாடை அடிக்கும் மெதுவான ஆங்கிலம். வயது அறுபதை ஒட்டி இருக்கும். வேன் ஒன்றில் தண்ணீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் காரைத் தேய்த்துக் கொடுக்கிறவர். இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். ஒரு டாக்டரின் புதுக் காரில், கருப்புக் கார், பானட் மடிப்பில் எரிந்துவிட்டதாம். அந்தக் குடியிருப்பில் எல்லாரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள். படம் அதில் போய்விட்டது. அந்த வாரமே பதினோரு வீடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம்.

அவர் கோபமாகப் பேசவில்லை. சாட்சி சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே, ஒரு அரை மணி இருக்கும் என்றார். நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்" என்றார். "நான் என்ன தப்புச் செய்தேன்?"

திரையில் மூன்றாவது கேள்வி இருந்தது. பேடை எங்கேயாவது கீழே வைத்தீர்களா என்று கேட்டேன்.

வேனுக்குள் இருந்து பேசுகிறார் போல, பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு சொன்னார். வைத்திருக்கலாம். தண்ணீர் குடிக்கும்போது வேனின் பம்பர் மேல் வைத்த ஞாபகம். அன்று காற்றும் அடித்தது. முன்பெல்லாம் இப்படிக் கவனம் தப்பியதில்லை, கண்ணும் இப்போது அவ்வளவு தெரிவதில்லை, மகன் சொல்லிக்கொண்டேதான் இருந்தான் என்றார்.

மிஷின்மேல் சந்தேகப்பட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

பரவாயில்லை என்றேன்.